நாயை ஒரு ஓட்டில் வென்ற ஆர்டிஸ்

எங்கள் கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், மண், நீர்ப் பாதுகாப்பு வாரியத்துக்கு ஆர்டிஸ் லாக்கன் தேர்ந்தெடுக்கப்பட்டது ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில். அவளிடம் தோற்றது பெப்பர். பெப்பர் என்பது அவள் கொழுந்தன் டெல்மரின் நாய்.

சிரிக்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். அந்தக் குளிர்காலம் முழுக்க நாங்களும் அதைத்தான் செய்தோம். வாரிய அலுவலகத்தில் இருபத்து நான்கு வருடமாகக் கூட்டக் குறிப்பு எழுதுகிறவள் நான். கூட்டத்தில் யாராவது யாரையாவது கழுதை என்று திட்டினாலும், சிரித்து நாற்காலியிலிருந்து விழுந்தாலும், நான் எழுதுவது ஒரே வாக்கியம்தான்: 'விவாதம் நடைபெற்றது.' ஆர்டிஸ் வந்த பிறகு அந்த வாக்கியத்தை எழுதி எழுதி எனக்குக் கை வலித்தது.

நடந்தது இதுதான். எங்கள் வாரியத்தில் ஐந்து கமிஷனர்கள். கமிஷனர் என்றதும் சல்யூட்டும் சைரன் வைத்த காரும் நினைவுக்கு வந்தால் அதை மறந்துவிடுங்கள். சம்பளம் கிடையாது, மாதம் ஒரு கூட்டம், ஆறிய காபி, அவ்வளவுதான். வாக்குச்சீட்டின் பின்பக்கத்தில், நீதிபதிகளுக்கும் கீழே, கடைசி மூலையில் அந்தப் பதவி இருக்கும். அந்த வருடம் காலியான ஓர் இடத்துக்கு ஒருவருமே போட்டியிடவில்லை. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு. வேண்டிய பெயரை நாமே எழுதிக்கொள்ளலாம்.

தேர்தலுக்குப் பத்து நாள் முன்னால் லூத்தரன் சர்ச்சின் கீழ்த்தளத்தில் வருடாந்தர மீன் விருந்து நடந்தது. வெண்ணெய்க் கிண்ணம் கைமாறிக்கொண்டிருந்தபோது ஆர்டிஸ் சத்தமாகச் சொன்னாள்: "வில்லோ ஓடையைப் பாத்தீங்களா? பால் ஊத்தின காபி கணக்கா ஓடுது. நம்ம மண்ணு பூராவும் மிசிசிப்பிக்குப் போய்க்கிட்டிருக்கு. அந்த வாரியத்துல யாராச்சும் கேக்க வேண்டாமா?"

எங்கள் ஊரில் குறை சொன்னால் வேலை சொன்னவர் தலையில்தான் விழும். சர்ச் காபி கசக்கிறது என்று ஒருமுறை வாய்விட்ட ஹில்டா பத்தொன்பது வருடமாக அங்கே காபி போட்டுக்கொண்டிருக்கிறாள். முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டிய ஆர்டிஸுக்கு இது தெரியாததல்ல. அன்றைக்கு வாய் முந்திக்கொண்டது.

ஓட்டு எண்ணியதில் ஆர்டிஸுக்கு நாற்பத்தொன்று, பெப்பருக்கு நாற்பது, கால்பந்து பயிற்சியாளருக்குப் பன்னிரண்டு, 'வேறு யாராவது' என்பவருக்கு மூன்று. நாய்க்கு விழுந்ததை வெளியே சொல்லக் கூடாது. எண்ணிய பெண்மணிகள் மறுநாள் மதியச் சாப்பாடு வரைக்கும் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள், அதுவே சாதனை.

டெல்மரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆர்டிஸின் கணவன் ஓரினுக்குத் தம்பி. சாலைக்கு அந்தப் பக்கம் விவசாயம். இலையுதிர் காலத்தில் அவன் உழுது முடித்த நிலத்தில் ஒரு துரும்பு இருக்காது. கறுகறுவென்று, தலைவாரிவிட்ட மாதிரி இருக்கும். எங்கள் பக்கம் அதுதான் கௌரவம். டெல்மர் நல்லவன், கடின உழைப்பாளி, வாயை மட்டும் வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டான்.

தேர்தல் முடிந்த வாரம் கஃபேயில் அவன் ஆர்டிஸைப் பிடித்துக்கொண்டான். "ஆர்டிஸ், மறு எண்ணிக்கை கேக்கலாமான்னு பெப்பர் யோசிக்குது."

"தாராளமா கேக்கட்டும். மனுவுல அதுவே கையெழுத்துப் போடணும்."

"கால் ரேகை வெச்சா ஒத்துக்குவாங்களா?"

"கழுவின காலா இருந்தா ஒத்துக்குவாங்க. உன் வீட்டு ஆளுங்க யாருக்கும் அந்தப் பழக்கம் கிடையாதே."

கஃபே சிரித்தது, ஆர்டிஸும் சிரித்தாள். ஆனால் பதவிப் பிரமாணத்தில் கையெழுத்துப் போட என் அலுவலகத்துக்கு வந்தபோது பேனாவை எடுத்துவிட்டு அப்படியே நின்றாள்.

"மர்னா, ஒரு நாயைவிட ஒரே ஒரு ஓட்டா?"

"ஒண்ணு போதும்டி."

"அந்த ஒண்ணும் ஓரின் போட்டதாத்தான் இருக்கும்."

மறுநாள் தொலைபேசியில் கூப்பிட்டாள். ஓரினிடம் கேட்டிருக்கிறாள். வாக்குச்சீட்டுக்குப் பின்பக்கம் என்று ஒன்று உண்டா என்று அவன் திருப்பிக் கேட்டிருக்கிறான். நாற்பது வருடமாக ஓட்டுப் போடுகிறவன், ஒருமுறைகூடத் தாளைத் திருப்பியதில்லை. சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு நின்ற பிறகும் அவள் போனை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை.

முதல் கூட்டத்திலேயே வாரியம் அவள் கைக்குப் போய்விட்டது. தலைவர் வென்டல் கிராமருக்கு நாற்பத்து மூன்று வயது. ஆறாம் வகுப்புவரை அவள் பஸ்ஸில் நான்காவது இருக்கை. கூட்டத்தைத் தொடங்கி வைத்துவிட்டு, அடுத்ததைப் பேச வேண்டிய நேரத்தில் அவன் கையைத் தூக்கினான்.

"சொல்லு வென்டல்," என்றாள் ஆர்டிஸ்.

"மிஸஸ் லாக்கன், நான் இங்க தலைவர். நான் கையைத் தூக்கணுமா?"

"நான் தூக்கச் சொல்லலையே. நீயாத்தான் தூக்கின. இறக்கு."

இறக்கினான். அடுத்த கூட்டத்திலும் தூக்கினான். இன்றைக்கும் தூக்குகிறான். மற்ற மூன்று கமிஷனர்களில் இரண்டு பேர் அதே பஸ்ஸில் வந்தவர்கள். அவர்கள் கூட்டத்தில் சூயிங்கம் மெல்வதை நிறுத்திவிட்டார்கள்.

இனி மேட்டு நிலத்துக்கு வருகிறேன், ஏனென்றால் எல்லாம் அதில்தான் இருக்கிறது. வில்லோ ஓடைக்கு மேலே சரிவாக அறுபது ஏக்கர். அண்ணன் தம்பி இரண்டு பேர் பெயரிலும் அப்பா எழுதிவைத்தது. ஓரினுக்கு இடுப்பு மோசமான பிறகு ஆர்டிஸ்தான் அதைப் பார்த்தாள். உழுவதை நிறுத்தினாள். அறுவடை முடிந்ததும் மண்ணை மூடிக் காப்பதற்காக ரை என்ற தானியப் பயிரை விதைத்து, அதை வசந்தத்தில் படுக்க வைத்து, அந்த வைக்கோலுக்கு நடுவிலேயே சோயா போட்டாள். பார்ப்பதற்கு நிலம் தூங்கி எழுந்த தலை மாதிரிதான் இருந்தது. சாலையில் போகிறவர்கள் வண்டியை மெதுவாக்கி, தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள். இப்படிச் செய்து பார்க்க டெல்மர் அவளுக்கு மூன்று வருடம் தவணை கொடுத்திருந்தான். அவள் பதவிக்கு வந்த அடுத்த வருடத்தோடு அந்தத் தவணை முடிந்தது. அறுவடை ஆனதும் கலப்பையை இறக்குவேன் என்று சொல்லிவிட்டான். ஓரின் யாருக்கும் மாட்டேன் என்று சொல்லி அறியாதவன், தம்பிக்கும் சொல்லவில்லை.

அந்த மே மாதக் கூட்டத்துக்கு வென்டல் ஒரு அட்டைப்பெட்டி நிறைய வெள்ளைப் பருத்தி ஜட்டிகளைக் கொண்டுவந்தான். எங்கள் மாதிரி வாரியங்கள் பல இடங்களில் செய்கிற சோதனைதான்.

"உசுருள்ள மண்ணுன்னா பருத்தியைத் தின்னுரும்," என்று காது சிவக்க விளக்கினான். "ஆறு அங்குல ஆழத்துல புதைச்சு ரெண்டு மாசம் விட்டா இடுப்பு எலாஸ்டிக் மட்டும்தான் மிஞ்சும். செத்த மண்ணுன்னா துவைச்சு மறுபடியும் போட்டுக்கலாம்."

பொதுமக்கள் பேச மூன்று நிமிடம் உண்டு. அன்று வந்திருந்த பொதுமக்கள் டெல்மரும் பெப்பரும். டெல்மர் எழுந்தான்.

"என் மண்ணு எதையும் தின்னும். ஜட்டி என்ன, ஜீன்ஸ் போட்டாலும் தின்னும்."

"அப்ப புதை," என்றாள் ஆர்டிஸ். "நான் மேட்டு நிலத்துல புதைக்கிறேன். என்னுது கரைஞ்சு உன்னுது கரையலைன்னா, மேட்டு நிலத்துல நீ கலப்பை வைக்கக் கூடாது. ஓடைக்கு மேல இருக்கற உன் நாப்பது ஏக்கர்லயும் இந்த வருஷமே ரை போடணும்."

"உன்னுது கரையலைன்னா?"

"மேட்டு நிலத்தை நீ உழுதுக்கோ. நான் ராஜினாமா பண்றேன்."

"அந்த இடம் பெப்பருக்கு."

"பெப்பருக்கு. ஆனா கூட்டத்துல மேஜைக்குக் கீழதான் உக்காரணும்."

வென்டல் கையைத் தூக்கினான். யாரும் கவனிக்கவில்லை. நான் எழுதினேன்: 'விவாதம் நடைபெற்றது.'

ஜூன் நடுவில் ஆர்டிஸும் டெல்மரும் இன்னும் மூன்று விவசாயிகளும் அவரவர் வயலில் புதைத்து, மேலே சிவப்புக் கொடி நட்டார்கள். ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை காலை தோண்டுவதாக ஏற்பாடு. முதல் நாள் ஆர்டிஸ் என்னிடம் ராஜினாமாக் கடிதம் தட்டச்சு செய்துதரச் சொன்னாள்.

"இப்பவே எதுக்குடி?"

"தோத்தா அழுதுக்கிட்டே எழுத முடியாது. தயாரா இருக்கணும்."

எனக்குக் கோபம் வந்தது. வேண்டுமென்றே தேதியைத் தப்பாக அடித்தேன். செல்லாமல் போகட்டும் என்ற நப்பாசை. அவள் பார்க்காமலே மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள்.

ஒரு ஜட்டியைத் தோண்டி எடுப்பதைப் பார்க்க அறுபது பேர் வந்தார்கள். மடக்கு நாற்காலிகள், ஹாம் சான்ட்விச், டெல்மரின் மனைவி பெர்னடின் செய்த ஐந்து தட்டு சாக்லேட் பார். மற்ற மூன்று வயல்களையும் முடித்துவிட்டு டெல்மர் வயலுக்கு வந்தோம். வென்டல் மண்வெட்டியால் கிளறி, ஒரு குச்சியால் தூக்கினான். சேறு பூசியிருந்ததே தவிர ஜட்டி முழுசாக இருந்தது. கைதட்டல் எழுந்தது. டெல்மர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

"அங்க பாருங்க, ஒரு ஓட்டை இருக்கு. தின்ன ஆரம்பிச்சிருக்கு," என்றான்.

பெர்னடின் கிட்டே வந்து கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தாள். "இந்த ஓட்டை எனக்குத் தெரியும். ரெண்டாயிரத்து ஒன்பதுல முள்கம்பியைத் தாண்டறப்போ கிழிஞ்சது. டெல்மர், அவங்க குடுத்த புதுசு எங்க?"

டெல்மர் எங்கேயோ பார்த்தான். "புது ஜட்டியைப் போய் யாராச்சும் மண்ணுல புதைப்பாங்களா? போட்டிருக்கேன்."

வென்டல் குச்சியைக் கீழே போட்டான். "அதான் சோதனையே. எல்லாம் ஒரே மாதிரி புதுசா இருக்கணும்னுதானே பாக்கெட் குடுத்தோம்." மற்ற மூன்று விவசாயிகளையும் திரும்பிப் பார்த்தான். ஒருவர் பூட்ஸைப் பார்த்தார். இன்னொருவர் தானும் பழசைத்தான் புதைத்ததாக ஒப்புக்கொண்டார். மூன்றாமவர் புதுசை மருமகனுக்குப் பிறந்தநாள் பரிசாகவே கொடுத்துவிட்டாராம்.

"மிஸஸ் லாக்கன், நீங்களாச்சும்?" வென்டல் கிட்டத்தட்டக் கெஞ்சினான்.

"ஓரின் புதுசைப் போட்டுக்கிட்டுத்தான் நிக்கிறாரு," என்றாள் ஆர்டிஸ்.

ஓரின் தலையாட்டினான். "நல்லா இருக்கு. இறுக்கமே இல்ல."

இனி அந்தக் கூட்டத்தை யார் அடக்குவது? சர்ச் பாஸ்டருக்குப் புரையேறியது. எங்கள் ஜனம் நார்வேயிலிருந்து கப்பலேறும்போதே எதையும் தூக்கிப் போட மனம் வராமல் பழைய சாமான்களோடு வந்தது. புதுத் துணியைக் குழி தோண்டிப் புதை என்றால் யார் கேட்பார்கள்? வென்டல் மட்டும் சிரிக்காமல் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில், எல்லாரும் ஒரே தப்பைச் செய்திருப்பதால் போட்டி செல்லும் என்று தீர்ப்புச் சொன்னான்.

சாலையைத் தாண்டி மேட்டு நிலத்துக்குப் போனோம். கொடி இருந்த இடத்தில் வென்டல் தோண்டினான். ஆறு அங்குலம், எட்டு அங்குலம், ஓர் அடி. மண் கறுப்பாகப் பொலபொலவென்று வந்தது, புழுக்கள் நெளிந்தன, வாசனைகூட நன்றாக இருந்தது. ஜட்டி இல்லை. எலாஸ்டிக் பட்டையும் இல்லை.

"மொத்தமா தின்னுருச்சு போல," என்றார் யாரோ.

"எலாஸ்டிக்கைத் தின்னாது," என்றான் வென்டல். குரல் இறங்கியிருந்தது. "பட்டையாவது கிடைக்கணும். கிடைக்கலைன்னா... புதைச்சதுக்கே சாட்சி இல்ல."

சிரிப்பு வடிந்தது. அறுபது பேரும் ஆர்டிஸைப் பார்த்தார்கள். "நான் புதைச்சேன்," என்றாள். "இந்தக் கையால புதைச்சேன்." பிறகு அந்தக் கை சட்டைப் பைக்குப் போனது. பஸ் ஓட்டிய காலத்தில் பனிப்புயலில் முப்பது பிள்ளைகளைப் பத்திரமாக வீடு சேர்த்தவள் அவள். அவளைப் பொய்க்காரி மாதிரி நிற்க வைத்துவிட்டோமே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

டெல்மர் கொண்டாடுவான் என்று நினைத்தேன். அவன் வென்டலின் கையிலிருந்து மண்வெட்டியைப் பிடுங்கினான். "நீ தோண்டற லட்சணத்துக்கு எண்ணெய்க் கிணறு இருந்தாலும் கிடைக்காது, தள்ளு," என்று குழியைச் சுற்றி அவனே தோண்டத் தொடங்கினான். சட்டை நனைய நனையத் தோண்டினான். ஒன்றும் கிடைக்கவில்லை.

அப்போது ஓரின் தொண்டையைச் செருமினான். ஓரின் ஒரு நாளில் இரண்டாவது தடவை பேசுவது அபூர்வம்.

"அந்தக் கொடி," என்றான். "நேத்து ஜனங்க நிக்கறதுக்காக ஓரத்துல புல் வெட்டினேனா. நடுவுல நின்னுச்சு. பிடுங்கிட்டேன்."

"பிடுங்கிட்டு?" ஆர்டிஸின் குரலில் பழைய பஸ் டிரைவர் எட்டிப்பார்த்தாள்.

"மறுபடி நட்டுட்டேனே. ஏறக்குறைய அதே இடத்துல."

"ஏறக்குறையன்னா எத்தனை அடி, ஓரின்?"

ஓரின் நிலத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தான். அவனுக்கே தெரியவில்லை.

அறுபது ஏக்கரை யார் தோண்டுவது? வென்டல் நோட்டை மூடினான். அந்த நேரத்தில் பெப்பர் டெல்மரின் பிக்கப் வண்டியிலிருந்து குதித்து ஓரினிடம் ஓடி வந்தது. ஊரில் பெப்பருக்கு மிகவும் பிடித்த மனிதன் ஓரின்தான், தினமும் காலையில் அதற்கு ஒரு துண்டு பேக்கன் இறைச்சி கொடுப்பவன். அவன் காலைச் சுற்றியது. சட்டென்று நின்றது. மூக்கைத் தரையில் வைத்துக்கொண்டே வைக்கோலுக்குள் போனது. பதினைந்து அடி தள்ளி, புல் வெட்டிய ஓரத்தை ஒட்டிய சோயாச் செடிகளுக்கு நடுவே, முன்னங்கால்களால் மண்ணை வாரி இறைக்கத் தொடங்கியது.

பழைய ஜட்டி. ஓரினின் பழைய ஜட்டி. எத்தனை தடவை துவைத்தாலும் நாய்க்குத் தெரியாதா? புதுசைப் புதைத்திருந்தால் அது திரும்பிக்கூடப் பார்த்திருக்காது.

பெப்பர் தலையைக் குழிக்குள் விட்டு வெளியே எடுத்தபோது அதன் கழுத்தில் ஒரு எலாஸ்டிக் பட்டை மாலையாக விழுந்திருந்தது. வெறும் பட்டை. அதில் ஒட்டிக்கொண்டு சலவைக் குறிப்பு அச்சிட்ட லேபிளும் ஒரு புழுவும். பருத்தி என்று சொல்ல ஒரு நூல்கூட இல்லை. பெப்பருக்கு ஒரே பெருமை. பட்டையோடு கூட்டத்தைச் சுற்றி இரண்டு முறை ஓடியது. வென்டல் துரத்தினான், பாஸ்டர் துரத்தினார், பெர்னடின் சாக்லேட் பார் தட்டோடு துரத்தினாள். கடைசியில் அது ஆர்டிஸின் காலடியில் வந்து உட்கார்ந்து, கழுத்தை நீட்டியது.

டெல்மர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வைக்கோலிலேயே உட்கார்ந்து கண்ணீர் வரச் சிரித்தான். ஆர்டிஸும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள். தப்பான தேதியை அவள் கடைசிவரை பார்க்கவே இல்லை.

செப்டம்பர் கூட்டத்தில் டெல்மர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றான். நாற்பது ஏக்கரில் ரை விதைக்க வாரியத்தின் விதைக்கும் எந்திரம் வேண்டும் என்றான். பெப்பர் நேராக மேஜைக்குக் கீழே போய்ப் படுத்தது.

ஆர்டிஸுக்குச் சும்மா விட மனமில்லை. "படிவத்துல காரணம் எழுதணும் டெல்மர். என்னன்னு எழுத?"

"நாய் சொல்லுச்சுன்னு எழுது."

"அதுவும் சரிதான். நாப்பது ஓட்டு வாங்கின நாயாச்சே. அதுல ஒண்ணு உன்னுது."

"என்னுது இல்ல," என்றான் டெல்மர்.

"பொய் சொல்லாத. அப்ப நீ யாருக்குப் போட்ட?"

டெல்மர் தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினான். "பெப்பருக்குத்தான் ஏற்கனவே வேலை இருக்கே," என்றான். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "ஓடை விஷயத்துல நீ சொன்னது சரின்னு மீன் விருந்து அன்னிக்கே பட்டுச்சு. அதை உன்கிட்ட வேற சொல்லணுமா என்ன."

முப்பத்தொரு வருடம் பஸ்ஸிலும், இரண்டு வருடம் வாரியத்திலும், ஆர்டிஸ் பதில் இல்லாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. அன்று பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், மாட்டினாள், மறுபடி கழற்றினாள். வென்டல் மெதுவாகக் கையைத் தூக்கினான். அவள் பார்க்கவில்லை என்றதும், வாழ்க்கையில் முதல் தடவையாக, அனுமதி இல்லாமலே பேசினான்: "தீர்மானத்துக்கு ஆதரவா கை தூக்குங்க." ஐந்து கையும் உயர்ந்தன. ஆர்டிஸ் கண்ணாடி பிடித்த கையையே தூக்கினாள்.

நான் குறிப்பில் எழுதினேன்: 'டெல்மர் லாக்கனுக்கு விதைக்கும் எந்திரம் வழங்க ஒருமனதாக முடிவு செய்யப்பட்டது. விவாதம் நடைபெறவில்லை.'